முதல் நாளே முகத்தைப் பாருங்கள்

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சார், நீங்கள் வங்கியில் இருந்தவர். மூத்த குடிமக்கள் வைப்புநிதி பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்" என்றுதான் செயலாளர் கேட்டார். அதை அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன். போன மாதம் நம் பி பிளாக் பையன் ஒருவன் மாம்பழச்சாலையில் வண்டியிலிருந்து விழுந்து தலையில் தையலோடு வந்தான். அவனைப் பார்க்கப் போன நாங்கள் எல்லோரும் தையல் எத்தனை என்று கேட்டோம். முகத்தை யாரும் பார்க்கவில்லை. நான் மட்டும், "தம்பி, புருவத்தைத் தூக்கு. கண்ணை இறுக்கி மூடு. பல்லைக் காட்டு" என்றேன். அவன் அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவன் நன்றாகவே இருக்கிறான். ஆனால் நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று அந்த அம்மாவுக்கு ஒரு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அதுதான் இன்றைய பேச்சு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்ல. பி.காம். படித்துவிட்டு 36 வருடம் வங்கியில் எழுத்தராக இருந்தவன். என் வீட்டில் நடந்ததையும், அதனால் ஒன்றரை வருடம் டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் மட்டுமே சொல்கிறேன்.

என் தங்கை மகன் என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறான். வயது 34. சிரித்த முகத்தோடு புடவை விரித்துப் போடுவதுதான் அவன் வேலை. ஒரு சனிக்கிழமை ராத்திரி கடை முடிந்து ஸ்ரீரங்கம் திரும்பும்போது, காவிரிப் பாலம் தாண்டிய பிறகு ஒரு நாய் குறுக்கே வந்தது. ஹெல்மெட் தலையில்தான் இருந்தது. வார் மாட்டவில்லை. விழுந்ததும் ஹெல்மெட் ஒரு பக்கம் உருண்டது, தலை இன்னொரு பக்கம் மோதியது. மோதியது இடது காதுக்கு மேலே. காதிலிருந்து ரத்தம். சில நிமிடம் நினைவில்லை. அங்கே டீக்கடையில் நின்றவர்கள் 108-ஐக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார்கள். அவர்கள் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு இந்த மேடையில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். அவன் உயிரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள், அதை மறக்க மாட்டேன். போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு நினைவு திரும்பியிருந்தது, பேசினான். ஒரு மணி நேரத்தில் மயக்கம் போல ஆனான். ஸ்கேனில் மூளைக்குள் ரத்தக் கசிவு. வாயில் குழாய் போட்டு, தூக்கத்திலேயே வைத்து, ஐ.சி.யு.வில் 6 நாள். அந்த 6 நாளும் நாங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "உயிருக்கு ஆபத்து இல்லையே?"

7-ஆம் நாள் குழாயை எடுத்தார்கள். 8-ஆம் நாள் காலை அவன் மனைவி ஸ்பூனில் காபி கொடுத்தாள். காபி இடது கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி கொடுத்தாள். மறுபடியும் வழிந்தது. அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். வாய் வலது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இடது கண் பாதி திறந்தே இருந்தது, சிவந்திருந்தது. இடது நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவர் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "இது விழுந்த உடனே வந்ததா, இரண்டு மூன்று நாள் கழித்து வந்ததா?"

எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கேஸ் ஷீட்டைப் புரட்டினார்கள். கண்மணி அளவு, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு என்று மணிக்கு மணி எழுதியிருந்தது. முகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்தக் கேள்வி ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். முகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அசைப்பது ஒரே ஒரு நரம்பு. மூளையிலிருந்து கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் அது 7-வது. மூளையை விட்டு வந்ததும் அது காதைச் சுற்றியுள்ள பொட்டெலும்புக்குள் ஒரு குழாய் வழியாக ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் வளைந்து வளைந்து போகிறது. மிகக் குறுகிய இடத்தில் அந்தக் குழாய் 1 மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. காதுக்குக் கீழே வெளியே வந்து, கிளை கிளையாகப் பிரிந்து நெற்றி, கண் இமை, கன்னம், உதடு எல்லாவற்றுக்கும் போகிறது.

பொட்டெலும்பு விரிசல் விட்டால் அந்தக் குழாய்க்குள் இரண்டில் ஒன்று நடக்கலாம். எலும்புச் சில்லு குத்தி நரம்பை நசுக்கலாம், அறுக்கலாம். அப்படியானால் முகம் விழுந்த அந்த நிமிடமே செயலிழக்கும். அல்லது நரம்பு முழுதாகவே இருந்து, அடிபட்டதால் மெல்ல வீங்கலாம். குழாய் எலும்பு, விரிந்து கொடுக்காது. வீக்கம் ஏற ஏற நரம்பு நெரிபட்டு, இரண்டு மூன்று நாளில் முகம் கோணும்.

இரண்டாவது வகையில் பெரும்பாலோருக்கு ஸ்டீராய்டு மாத்திரையிலும் பொறுமையிலும் முகம் தானாகத் திரும்பிவிடுகிறது. கத்தி வைக்கத் தேவையில்லை. முதல் வகையில், அதுவும் முழுப் பக்கமும் உடனே செத்தது போல ஆகியிருந்தால், எலும்பைத் திறந்து பார்ப்பதா என்று யோசிக்க வேண்டும். 8-ஆம் நாள் பார்க்கும்போது இரண்டு வகையும் ஒரே முகம்தான். வேறுபாடு தேதியில் இருக்கிறது. அந்தத் தேதி எங்கள் கையில் இல்லை.

மேற்கொண்டு இரண்டு சோதனை செய்தார்கள். பொட்டெலும்பை மட்டும் மெல்லிய மெல்லிய அடுக்குகளாகக் காட்டும் சி.டி. ஸ்கேன் ஒன்று. விரிசல் கோடு நரம்புக் குழாயின் குறுக்கே போனது தெரிந்தது. அடுத்தது நரம்புக்கு வெளியிலிருந்து சிறு மின்தூண்டல் கொடுத்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிடும் சோதனை. இதை அடிபட்ட அன்றே செய்தால் பயனில்லை. அறுந்த நரம்பின் வால் பகுதி செத்துப்போக மூன்று நான்கு நாள் ஆகும், அதுவரை அது நல்ல நரம்பு போலவே பதில் சொல்லும். மூன்று வாரத்துக்கு மேல் போனாலும் இந்தச் சோதனை உதவாது. எங்கள் பையனுக்கு 10-ஆம் நாள் செய்தார்கள். நல்ல பக்கத்தோடு ஒப்பிட்டால் இடது பக்கத்தில் 10-ல் ஒரு பங்குகூட இல்லை.

"ஸ்கேனும் சோதனையும் திறந்து பார் என்கின்றன. ஆனால் தலையில் ரத்தக் கசிவு ஆறிக்கொண்டிருக்கும் ஆள். முகம் விழுந்ததும் போயிருந்தால் நிச்சயம் திறக்கலாம். பிறகுதான் போனது என்றால் கொஞ்சம் காத்திருந்து பார்க்கலாம். யாராவது முதல் நாள் அவர் முகத்தைப் பார்த்தீர்களா, சார்?" என்று மறுபடி கேட்டார் டாக்டர்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வங்கியில் கணக்கு ஒத்துப் போகாத நாளில் வீட்டுக்குப் போக விடமாட்டார்கள். ஒரு ரூபாய் இடித்தாலும் அன்றைய வவுச்சர் எல்லாவற்றையும் முதலிலிருந்து புரட்ட வேண்டும். அதே பழக்கத்தில் அந்தச் சனிக்கிழமை ராத்திரி யார் யார் அவனைப் பார்த்தது, யாருக்கு யார் போன் செய்தது என்று ஒரு தாளில் நேரம் போட்டு எழுதினேன். எழுதும்போது என் தங்கை, "எனக்கு 9.40-க்கு ஒரு வீடியோ அனுப்பினானே, அண்ணா" என்றாள்.

அவசரப் பிரிவில் படுத்தபடி, அம்மா பயப்படக்கூடாதே என்று மனைவி கையில் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோ. 14 விநாடி. "அம்மா, ஒண்ணும் இல்லை, லேசா அடி, சாப்பிட்டுத் தூங்கு" என்கிறான். நாங்கள் எல்லோரும் அதை அன்றைக்கே பார்த்திருந்தோம். பேசுகிறானே என்று நிம்மதி அடைந்திருந்தோம். இப்போது சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். பேசும்போது வாய் வலது பக்கம் மட்டும் போகிறது. இரண்டு முறை கண் சிமிட்டுகிறான். இரண்டு முறையும் வலது கண் மட்டும்தான் மூடுகிறது.

மறுநாள் காலை டாக்டர் அதை மூன்று தடவை பார்த்தார். "விழுந்து ஒன்றரை மணி நேரத்துக்குள். இது போதும்" என்றார்.

12-ஆம் நாள் சென்னைக்குக் கொண்டு போனோம். 16-ஆம் நாள் அறுவை. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பை மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டே, வைரத்தூள் பதித்த சிறு துரப்பணத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி நரம்புக் குழாயைத் திறந்தார்கள். 6 மணி நேரத்துக்கு மேல் ஆனது. நரம்பு நசுங்கி மட்டும் இருந்தால், அழுத்தும் சில்லை எடுத்துவிட்டு மூடியிருப்பார்கள். இவனுக்கு ஓர் இடத்தில் அறுந்தே போயிருந்தது. நைந்த முனைகளை வெட்டிச் சீராக்கியதும் நடுவில் இடைவெளி விழுந்தது. இழுத்துத் தைக்கக் கூடாதாம். இழுவிசை இருந்தால் நரம்பு வளராது. அதனால் கழுத்தின் பக்கவாட்டில் இருந்து, காது மடலுக்கு உணர்ச்சி கொடுக்கும் ஒரு நரம்பில் ஒரு துண்டு எடுத்து நடுவில் வைத்து இணைத்தார்கள். சிலருக்குக் கணுக்கால் பக்கத்திலிருந்து எடுப்பதும் உண்டு. கொடுத்த இடத்தில் மரத்துப் போகும், அவ்வளவுதான். இவனுக்கு இன்றும் இடது காது மடலில் கிள்ளினால் தெரியாது.

ஒட்டு மாங்கன்று நமக்குத் தெரியும். இது அப்படி அல்ல. வைத்த துண்டு வெறும் பாதை. அந்தப் பாதைக்குள் மூளைப் பக்கத்து முனையிலிருந்து புது இழைகள் முளைத்து, உத்தேசமாக நாளைக்கு 1 மில்லிமீட்டர் வீதம் ஊர்ந்து, தசை வரை போய்ச் சேர வேண்டும். காதெலும்பிலிருந்து உதட்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று கையை வைத்து அளந்து பாருங்கள். அத்தனை நாள். ஆகவே அறுவை முடிந்து கட்டுப் பிரித்ததும் முகம் அதே முகம்தான். என் தங்கை, "இவ்வளவு செலவு செய்தும் ஒன்றும் ஆகவில்லையே, அண்ணா" என்று அழுதாள்.

அந்தக் காத்திருக்கும் மாதங்களில்தான் கண்ணைக் காப்பாற்ற வேண்டும். இமை மூடாத கண் காய்ந்து போகும், கருவிழியில் புண் வரும், பார்வையே போகலாம். இவனுக்கு ஐ.சி.யு.வில் இருந்தபோதே கருவிழியில் சிராய்ப்பு வந்துவிட்டது. பகலில் மணிக்கொரு முறை செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, ராத்திரி களிம்பு போட்டு இமையை டேப்பால் ஒட்டித் தூங்குவது, வெளியே போனால் கண்ணாடி. சிலருக்கு மேல் இமைக்குள் சிறு தங்க எடை வைக்கிறார்கள், அதன் பாரத்தில் இமை கீழே வரும். இவனுக்குச் சொட்டிலும் டேப்பிலும் சமாளித்தோம். கருவிழியில் ஒரு சிறு தழும்பு மிஞ்சியது.

இமை மூடாத கண்ணைக் காப்பாற்றுவதில் நம் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. தொழுநோயும் முக நரம்பின் கிளைகளைத் தாக்கி இமையை மூட முடியாமல் செய்யும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கியதற்குப் பெயர் பெற்றவர். கண்ணுக்கும் வழி செய்தார். மெல்லும்போது பொட்டில் துடிக்கிறதே, அந்தத் தசையிலிருந்து ஒரு பட்டை எடுத்து இமைகளுக்குள் ஓடவிட்டார்கள். பல்லைக் கடித்தால் கண் மூடும். நோயாளிகள் மென்று மென்று கண் சிமிட்டக் கற்றுக்கொண்டார்கள். நரம்பு பிழைக்காது என்று ஆன பிறகும் வழி இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். நாக்குக்குப் போகும் நரம்பை முக நரம்போடு இணைப்பது, தொடைத் தசையைக் கன்னத்துக்கு மாற்றுவது என்று பல முறைகள் இப்போது இருக்கின்றன. ஆனால் நரம்பு வராத முகத்தசை ஒன்றரை வருடத்துக்கு மேல் போனால் சுருங்கி வீணாகிவிடும். அதற்குப் பிறகு நரம்பை மட்டும் தைத்துப் பயனில்லை, தசையையே கொண்டு வந்து வைக்க வேண்டும். இங்கேயும் தேதிதான் பேசுகிறது.

எங்கள் கதைக்கு வருகிறேன். அந்த மாதங்களில் அவன் கல்யாணம், காதுகுத்து எதற்கும் வரவில்லை. கடை முதலாளி நல்லவர், உள்ளே ஸ்டாக் பார்க்கும் வேலை கொடுத்தார். மனைவி குளியலறைக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டாள். அவன் 4 வயது மகள், "அப்பா ஏன் என்மேல கோபமா இருக்கே?" என்று கேட்பாள். அவன் சிரிக்கும்போதுதான் கேட்பாள். அந்தக் கேள்வியை நானே ஒரு நாள் காதால் கேட்டேன். அதன்பின் அவன் வீட்டில் எனக்குக் காபி இறங்கவில்லை.

7-ஆம் மாதம் ஒரு நாள் போன் செய்தான். "மாமா, கன்னத்தில் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. கண்ணாடியில் பார்த்தேன், உதட்டோரம் லேசா துடிக்கிறது." அன்றைக்குக் கழற்றிய கண்ணாடி மறுபடி மாட்டப்பட்டது. பயிற்சிக்கு அது வேண்டும். வேகமாக முகத்தைக் கோணிப் பழகக் கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொன்னார். கண்ணாடி முன் உட்கார்ந்து, மெதுவாக, சிறிது சிறிதாக, இரண்டு பக்கமும் சமமாக.

இப்போது ஒன்றரை வருடம் முடிந்துவிட்டது. கண் முழுதாக மூடுகிறது. சாப்பாடு வழிவதில்லை. சும்மா இருக்கும்போது பார்த்தால் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. சிரித்தால் இடது பக்கம் கொஞ்சம் குறைவு, சிரிக்கும்போது இடது கண்ணும் சேர்ந்து சுருங்குகிறது. புது இழைகளில் சில வழி மாறிப் போய்விடுவதால் அப்படி. இடது புருவம் ஏறவே இல்லை, இனி ஏறாது என்றார்கள். முகவாதத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். 1 இயல்பு, 6 அசைவே இல்லாத நிலை. துண்டு வைத்துத் தைத்த நரம்பில் 3-ஆம் தரம் கிடைத்தால் அதுதான் நல்ல பலன் என்பது டாக்டர்கள் கணக்கு. இவன் 6-இலிருந்து 3-க்கு வந்திருக்கிறான். போன ஆடித் தள்ளுபடியில் மறுபடி புடவை விரித்தான். மகள் இப்போது கோபமா என்று கேட்பதில்லை.

அந்த 14 விநாடி வீடியோ இல்லாவிட்டால்? டாக்டர் இன்னும் சில வாரம் காத்திருந்திருப்பார். பிறகு திறந்திருக்கலாம், இதே பலன் கிடைத்திருக்கலாம், குறைந்திருக்கலாம். அது என்னால் சொல்ல முடியாத கணக்கு. ஆனால் எதேச்சையாகக் கிடைத்த வீடியோவை நம்பி ஒருவன் முகம் இருக்கக் கூடாது.

நம் அரசின் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2021 டிசம்பர் 18-இல் தொடங்கியது. தமிழக எல்லைக்குள் விபத்தில் அடிபட்ட யாராக இருந்தாலும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லை. உயிரைக் காக்கும் 48 மணி நேரம் அது. அந்த நேரத்தில் டாக்டர்கள் மூளையைப் பார்க்கட்டும், அதுதான் அவர்கள் முதல் வேலை. முகத்தைப் பார்க்கும் வேலையை வீட்டார் நாம் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் படிப்பு வேண்டாம்.

என்ன செய்வது என்று நான்கே விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: தலையில் அடிபட்டவர் நினைவோடு இருந்தால், புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள், கண்ணை இறுக்கி மூடச் சொல்லுங்கள், பல்லைக் காட்டச் சொல்லுங்கள். நினைவில்லாவிட்டால் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி மூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காதில் ரத்தமோ தண்ணீரோ வந்திருந்தால் கட்டாயம் பாருங்கள்.

இரண்டு: பார்த்ததைத் தேதி, மணி போட்டு எழுதுங்கள். முடிந்தால் போனில் எடுத்து வையுங்கள். "இரண்டு பக்கமும் சரியாக இருந்தது" என்பதையும் எழுதுங்கள். பிறகு முகம் கோணினால், அந்த ஒரு வரிதான் அறுவை வேண்டாம் என்று சொல்லப்போகிறது. டியூட்டி டாக்டரிடம் சொல்லிக் கேஸ் ஷீட்டிலும் ஏற்றச் சொல்லுங்கள்.

மூன்று: கண் மூடவில்லை என்றால் அன்றே கண்ணுக்குச் சொட்டும் களிம்பும் கேளுங்கள். முகத்துக்குக் காத்திருக்கலாம், கண்ணுக்குக் காத்திருக்கக் கூடாது.

நான்கு, இது நம் வயதுக்காரர்களுக்கு: அடி எதுவும் படாமல் திடீரென்று வாய் கோணினால், நெற்றியைப் பாருங்கள். நெற்றி சுருங்குகிறது, வாய் மட்டும் கோணியிருக்கிறது என்றால் அது பெரும்பாலும் மூளையில் வந்த பக்கவாதம். கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. நெற்றியும் சேர்ந்து அசையாவிட்டால் அது முக நரம்பில் வரும் பெல்ஸ் பால்சியாக இருக்கலாம், பெரும்பாலோருக்குக் குணமாகிவிடும். ஆனால் எது எது என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். இரண்டுக்கும் உடனே ஆஸ்பத்திரிதான்.

இளைஞர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆவது பிரிவு ஹெல்மெட் போடு என்று மட்டும் சொல்லவில்லை, வாரை மாட்டி இறுக்கிக் கட்டு என்கிறது. அம்மா மண்டபம் வரைக்கும்தானே, திருவானைக்காவல் வரைக்கும்தானே என்று நினைக்காதீர்கள். எங்கள் பையன் விழுந்த இடத்திலிருந்து அவன் வீடு 5 நிமிடத் தூரம்.

இந்த நான்கு விஷயத்தையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, செயலாளர் அனுமதியோடு லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். தண்ணீர் வராத நேரம் பற்றிய அறிவிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைப் படிக்கும்போது இதையும் ஒரு முறை படித்துவிடுங்கள். டீ ஆறிக்கொண்டிருக்கிறது என்று பொருளாளர் ஜாடை காட்டுகிறார், வாருங்கள்.